அந்த வால்வை மூடியது நான்தான்

என் மனைவியின் வீணையில், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அடியில் தொடங்கி மேல்பலகையின் ஓரம் வரை ஓடும் விரிசலுக்கு விமானக் கம்பெனி காரணமில்லை. காரணம் நான். சில வருடங்களாக எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் அந்தக் கம்பெனியை ஒரு மூச்சு திட்டிவிட்டுத்தான் காப்பியைக் கையில் எடுக்கிறார்கள். மனைவியின் பாட்டுத் தோழிகள் சிலர் அதில் டிக்கெட் போடுவதையே விட்டுவிட்டார்கள். பாவம், கம்பெனிக்காரர்கள் வீணையைப் பத்திரமாகத்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆகஸ்டில் பெட்டியைத் திறந்தபோது அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பிளந்தது எங்கள் வீட்டுக் காற்று. அந்தக் காற்றை அப்படி ஆக்கியது நான்.

நாங்கள் இருப்பது டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில். இங்கே வீடுகளுக்கு அடியில் பேஸ்மென்ட் உண்டு. அதில் ஃபர்னஸ் என்கிற எரிவாயு அடுப்பு நின்றுகொண்டு, காற்றைச் சுடவைத்துத் தகரக் குழாய்கள் வழியாக அறை அறையாக அனுப்பும். நாங்கள் வீடு வாங்கியபோதே அந்த ஃபர்னஸின் விலாவில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் ஹியூமிடிஃபயர், காற்றுக்கு ஈரம் ஊட்டும் கருவி. செப்புக் குழாயிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய இணைப்பு, அதில் ஒரு குட்டி வால்வு. அடியில் ஒரு ரப்பர் குழாய், தரையில் இருக்கும் வடிகால் துளையை நோக்கி.

ஒரு நவம்பர் மாலை துணி எடுக்கக் கீழே போனேன். தண்ணீர் ஓடும் சத்தம். வாஷிங் மெஷின் நின்றிருந்தது. குனிந்து பார்த்தால், அந்த ரப்பர் குழாயிலிருந்து நல்ல தண்ணீர் பென்சில் கனத்தில் வடிகாலுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. விரலை நீட்டிப் பார்த்தேன். அழுக்கு இல்லை, நாற்றம் இல்லை. குடிக்கிற தண்ணீர், சும்மா சாக்கடைக்குப் போகிறது. ஒரு டம்ளரைப் பிடித்து வைத்தேன்; நான் துணியை மடிப்பதற்குள் அது நிரம்பிப் பலமுறை வழிந்திருக்கும்.

நான் வளர்ந்தது பெரம்பூரில். 2004-இல் வீராணம் தண்ணீர் சென்னைக்கு வருவதற்கு முந்தைய கோடைகளைப் பார்த்தவன். தண்ணீர் லாரி திரும்பும் சத்தம் கேட்டால் வீட்டில் யார் எந்த வேலையில் இருந்தாலும் குடத்தோடு ஓட வேண்டும். அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டினால் பாட்டி அன்று முழுக்கப் பேச மாட்டாள். இதைச் சொல்லி அனுதாபம் வாங்கலாம். வாங்கியும் இருக்கிறேன், வேறு விஷயங்களில். ஆனால் அன்று என் மனதில் ஓடியது பாட்டி மட்டும் இல்லை, தண்ணீர் பில்லும்தான். மெஷினில் கோளாறு, கசிகிறது என்று நானே தீர்ப்பு எழுதினேன். ஃபர்னஸ் பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் பயனர் கையேடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடவில்லை. வால்வைத் திருகி மூடினேன். மாடிக்குப் போனபோது யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் மனைவி "தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்பாள். தெரிந்தவரைக் கூப்பிட்டால் காசு.

கையேட்டைப் புரட்டியிருந்தால் நாலு வரியில் விஷயம் முடிந்திருக்கும். அந்தப் பெட்டிக்குள் அலுமினிய வலைபோல ஒரு பேட் இருக்கிறது, மேலே களிமண் பூச்சு. ஈரம் குறைந்தது என்று சுவரில் உள்ள ஹியூமிடிஸ்டாட் சொன்னதும் ஒரு மின் வால்வு திறந்து, தண்ணீர் மேலிருந்து பேட் முழுக்க வழிகிறது. ஃபர்னஸின் சூடான காற்று அதை ஊடுருவிப் போகும்போது கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு போகிறது. மீதி கீழே இறங்கி வடிகாலுக்கு. மணிக்குப் பத்துப் பதிமூன்று லிட்டர் ஓடும். அதில் பெரும்பங்கு வடிந்துதான் போகும். போக வேண்டும். தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு ஆவியாகாது. அந்தச் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போகத்தான் கூடுதல் தண்ணீர். அது இல்லையென்றால் சில வாரங்களில் பேட் கல்லாகிவிடும். பழைய வீடுகளில் இன்னொரு வகை இருக்கும்: ஒரு தட்டில் தண்ணீர் தேங்கி நிற்க, பஞ்சு சுற்றிய உருளை அதில் முங்கி முங்கிச் சுழலும். அதில் ஒரு சொட்டு வீணாகாது. தேங்கிய தண்ணீரில் என்ன வளருமோ அதுவும் வீணாகாமல் வீட்டுக்குள் வரும். நான் கசிவு என்று நினைத்தது கசிவே இல்லை. அந்தக் கருவியை வடிவமைத்தவர் யோசித்துச் செய்த வேலை.

டிசம்பரில் அறிகுறிகள் வரிசையாக வந்தன. கதவுப் பிடியைத் தொட்டால் சுளீர் என்று ஷாக். மகளுக்குக் காலையில் மூக்கில் ரத்தம். மனைவியின் விரல் நுனிகள் வெடித்து, வீணை வாசிக்கும்போது நரம்பு அறுத்தது. "கனடான்னா அப்படித்தான். தேங்காய் எண்ணெய் தடவு" என்றேன். பக்கத்து வீடுகளிலும் இதே கனடாதான், அங்கே யார் மூக்கிலும் ரத்தம் வரவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம். தோன்றவிடவில்லை என்பதுதான் சரி.

ஹீட்டர் ஈரத்தை எரித்துவிடுகிறது என்று நம் ஆட்கள் பலர் இங்கே சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை. 21 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 18 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 15-இல் அதே காற்று ஒன்றரை கிராமுக்கு மேல் தாங்காது. வெளியே ஈரப்பதம் 90 சதவீதம் என்று ரேடியோ சொல்லும். அந்த 90 சதவீதம் என்பதே ஒரு கிராம் சொச்சம்தான். அந்தக் காற்று கதவிடுக்கில் நுழைந்து, ஃபர்னஸில் சூடேறி, நம் ஹாலுக்கு வரும்போது ஒரு துளிகூட இழந்திருக்காது. ஆனால் இப்போது 18 கிராம் தாங்கக்கூடிய காற்றில் இருப்பது அந்த ஒரு கிராம் சொச்சம்தான். எட்டு சதவீதம். சமையலும் குளியலும் மூச்சும் சேர்ந்து அதைப் பதினைந்து, இருபதுக்குத் தூக்கும். மிச்சத்தைக் காற்று கிடைத்த இடத்தில் உறிஞ்சும்: மூக்கில், உதட்டில், மரத்தில்.

மரம். தஞ்சாவூரில் ஒரு பலாமரப் பலகை அங்குள்ள காற்றோடு சமாதானமாகி உட்கார்ந்திருக்கும். 70 சதவீத ஈரக் காற்றில் மரத்தின் எடையில் சுமார் 13 சதவீதம் தண்ணீராக இருக்கும். 20 சதவீதக் காற்றில் வைத்தால் அது நாலரைக்கு இறங்கிவிடும். இறங்கும்போது மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். வீணையின் மேல்பலகை சுற்றிலும் குடத்தோடு ஒட்டப்பட்டது. சுருங்க நினைக்கிறது, விளிம்பு விடமாட்டேன் என்கிறது. பிப்ரவரியில் ஓர் இரவு ஹாலில் 'டக்' என்று ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் மாடியில் இருந்தோம். ஃபிரிட்ஜ் என்று நினைத்தோம். காலையில் மனைவி ஸ்ருதி சேர்க்க உட்கார்ந்தாள். எழுந்து வந்து, "இங்க வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

விரிசல் ஒரு மயிரிழைதான். நகத்தை வைத்தால் நகம் இறங்கியது. குதிரையின் காலுக்கு அடியிலிருந்து, ரேகையைப் பிடித்துக்கொண்டு, நேர்கோடாக. உள்ளே புது மரத்தின் மஞ்சள் தெரிந்தது. அவள் அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். அந்த நிமிடம் எனக்கு பேஸ்மென்ட் வால்வு நினைவுக்கு வந்தது. பிறகுதான் தெரிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்போதே தெரிந்தது. தெரிந்ததும் என் வாயிலிருந்து வந்தது இது: "ஃப்ளைட்ல அடி பட்டிருக்கும். உள்ளுக்குள்ள இருந்தது இப்பதான் வெளிய வருது."

எவ்வளவு நம்பும்படியான பொய்! விமானத்தில் பெட்டிகளை எப்படி வீசுகிறார்கள் என்று எல்லோருக்கும் ஒரு கதை இருக்கிறது. அவள் உடனே நம்பினாள். அவள் நம்பியதும் எனக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த பொய்தான் உண்மையில் கேடு செய்தது. வீணை செய்த தஞ்சாவூர்க்காரருக்கு வீடியோ அழைப்பு போட்டோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தவர், விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஹீட்டர் ஓடுது இல்ல சார்? ஈரம் எத்தனை பர்சென்ட் இருக்கு வீட்டுல?" என்றார். வெளிநாட்டுக்கு வீணை அனுப்பிப் பழகியவர். மனைவி என்னைப் பார்த்தாள். நான் "நாற்பத்தஞ்சு" என்றேன். எந்த மீட்டரையும் பார்க்காமல், நாக்கு தானாகப் புரண்டது. அவர் கொஞ்சம் யோசித்தார். "நாற்பத்தஞ்சுன்னா மரம் காயலை. அப்ப அடிதான். நல்லா அழுத்திப் பிடிச்சு ஒட்டிடுங்க" என்று, எந்தப் பசை, எத்தனை மணி நேரம் என்று விளக்கினார்.

காய்ந்து பிளந்த மரத்தை அப்படியே ஒட்டக் கூடாது. முதலில் மெல்ல ஈரம் கொடுத்து, விரிசல் தானாக நெருங்கி வந்த பிறகுதான் பசை. என் நாற்பத்தைந்தை நம்பி அவர் சொன்ன வைத்தியம் வேறு நோய்க்கானது. ஒட்டினோம். கோடையில் டொராண்டோ காற்று புழுங்க, மரம் உப்பி, பசை போட்ட இடம் மேடு தட்டியது. அடுத்த குளிர்காலத்தில் பழைய விரிசலுக்கு ஒட்டினாற்போல் இன்னொன்று. அதற்கும் விமானக் கம்பெனிதான் வசவு வாங்கியது.

இவ்வளவுக்கும் வால்வைத் திறந்துவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். திறந்தால் பழையபடி சத்தம் கேட்கும். கேட்டால் மனைவி, இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்பாள். அதனால் வால்வைத் தொடாமல் வீட்டுக்கு ஈரம் கொண்டுவர வழி தேடினேன். கடைக்குப் போய் மேசையில் வைக்கும் ஹியூமிடிஃபயர் ஒன்று வாங்கினேன். குற்றவாளி வாங்கிய பரிகாரப் பொருள் என்பதால் விலையைப் பார்க்காமல் வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். தள்ளுபடியில் இருந்தது.

அது அல்ட்ராசோனிக் ரகம். தண்ணீருக்கு அடியில் காசு அளவு ஒரு பீங்கான் வில்லை. மின்சாரம் கொடுத்தால் அது நொடிக்குச் சுமார் 17 லட்சம் முறை துடிக்கும். மின்சாரத்துக்கும் சில படிகங்களின் நெளிவுக்கும் உள்ள இந்த உறவைப் பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-இல் கண்டார்கள். இப்படி வேகமாகத் துடிக்கும் ஒலியால் திரவத்தைப் புகைபோல் எழுப்பலாம் என்று அமெரிக்காவில் வுட், லூமிஸ் என்ற இருவர் 1927-இல் எழுதினார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் அழகாக இருக்கும்: வில்லைக்கு நேர் மேலே தண்ணீர் சின்னக் குன்றாக எழும்பும், அந்தக் குன்றின் உச்சியிலிருந்து வெள்ளையாகப் பனி பிரியும். சூடில்லை, சத்தமில்லை, முப்பது வாட் மின்சாரம். புகை கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வேலை நடப்பது ஹாலில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

ஆனால் அது ஆவி இல்லை, பொடித்த தண்ணீர். குழாயில் வரும் தண்ணீரை அப்படியே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குத் துளியாக்கிக் காற்றில் விடுகிறது. துளியிலிருக்கும் தண்ணீர் காய்ந்துவிடும், அதிலிருக்கும் சுண்ணாம்பு எங்கே போகும்? எங்களுக்கு வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர், லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் கடினத்தன்மை. நாலு லிட்டர் டேங்க் ஒன்று காலியானால் அரை கிராம் சுண்ணாம்பு ஹாலில் பறக்கிறது என்று கணக்கு. இரண்டு வாரத்தில் டிவித் திரை, மேசை, சோபா எல்லாம் வெள்ளைப் பொடி. வீணையில் மெட்டுக்கள் பதிந்திருக்கும் கறுப்பு மெழுகின் மேல்தான் அது பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பொடி மூச்சோடும் போகிறது, நுரையீரலுக்கு அது நல்லதில்லை என்பதையும் பிறகு படித்தேன்.

அந்தக் குளிர்காலம் மாமியார் எங்களோடு இருந்தார். காலையில் குளித்து, விளக்கேற்றி, நெற்றி நிறையத் திருநீறு இட்டுக்கொள்வார். ஒருநாள் மகள் டிவியைத் துடைத்துக்கொண்டே, "பாட்டி விபூதி எங்கெல்லாம் பறக்குது பாரு!" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பொடி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அதற்கு முந்தின வாரமே தெரியும். மெஷின் பெட்டியிலேயே அச்சடித்திருந்தது, காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் ஊற்றவும் என்று. "ஆமா அத்தை, கொஞ்சம் பார்த்துத் தட்டுங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் திருநீற்றுக் கிண்ணத்தைக் குளியலறைக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, வாஷ்பேசின் முன்னால் நின்று இட்டுக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் வரை அப்படித்தான். வீணையைவிட இது எனக்கு உறுத்துகிறது. வீணை விஷயத்தில் என் அறியாமைக்குப் பாதிப் பங்கு உண்டு. இதில் அதுகூட இல்லை.

பிறகு டிஸ்டில்டு வாட்டர் கேன்கள் வாங்கிவர ஆரம்பித்தேன். வடிகாலில் போன தண்ணீருக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர்கூட ஆகாது. அதை மிச்சம் பிடித்தவன், கடையிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் சுமந்து வந்தேன்.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. மனைவி ஈரம் அளக்கும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கிவந்து வீணைக்குப் பக்கத்தில் வைத்தாள். 19 காட்டியது. அவள் வேலைக்குப் போனதும் அதைத் தூக்கி மெஷினின் புகைவாய் ஓரம் வைத்தேன். 45 காட்டியது. தஞ்சாவூர்க்காரரிடம் நான் சொன்ன அதே எண்! அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

டேங்கைக் கழுவுவதும் என் பொறுப்பு. "கழுவினீங்களா?" என்றால் "ஆச்சு" என்பேன். மேசைக் கருவி என்றால் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் யோசனை. அல்ட்ராசோனிக் ரகம் தண்ணீரைக் காய்ச்சுவதில்லை. அதில் என்ன கிருமி வளர்கிறதோ அதையும் துளியோடு சேர்த்து மூக்குக்கு அனுப்பிவிடும். ஒருநாள் டேங்கின் அடியில் விரலை வைத்தால் இளஞ்சிவப்பாக வழுக்கியது. தேய்க்கச் சோம்பல். ஒரு மூடி கிருமிநாசினியைத் தண்ணீரிலேயே ஊற்றிவிடலாம் என்று பாட்டிலைத் திறந்தேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி அதைப் பார்த்து என் கையிலிருந்து பிடுங்கினாள். தென்கொரியாவில் நடந்ததை அவள்தான் சொன்னாள். ஹியூமிடிஃபயர் தண்ணீரில் கலப்பதற்கென்றே 1994 முதல் அங்கே கிருமிநாசினி விற்றார்கள். தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாத ரசாயனம், பனித்துளியாகி நுரையீரலுக்குள் போனபோது அதைத் தழும்பாக்கியது. கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் இறந்தார்கள். 2011-இல்தான் காரணம் இது என்று கண்டுபிடித்து அந்தச் சரக்கை விலக்கினார்கள். சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கறைப்பட்ட குடும்பங்களுக்குத்தான் அந்தக் கதி. எனக்கு அந்த அக்கறையும் கிடையாது, வெறும் சோம்பல்.

கேன் சுமந்து அலுத்துப்போய், நீராவி ரகம் ஒன்று வாங்கினேன். மலிவானது. அதில் சுடுதகடு கிடையாது. தண்ணீருக்குள் இரண்டு கம்பிகள், மின்சாரம் தண்ணீர் வழியாகவே பாய்ந்து அதைக் கொதிக்க வைக்கும். வருவது உண்மையான ஆவி. சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும், கிருமி வெந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கொட்டினால் சுடும் என்ற பயம் உண்டு, லிட்டருக்கு முக்கால் யூனிட் மின்சாரமும் ஆகும். கையில் மீந்திருந்த டிஸ்டில்டு வாட்டரை அதில் ஊற்றினேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. பழுதான சரக்கு என்று கடையில் சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண் மன்னிப்புக் கேட்டாள். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது. அந்த ரகத்துக்குக் குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். அதுவும் போதாவிட்டால் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்வார்கள். ஒரு மெஷினுக்கு உப்பு விஷம், மற்றதற்கு உணவு. இதுவும் பெட்டியில் அச்சடித்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக வாங்கியது திரி ரகம். ஈரமான காகிதத் திரிக்கு நடுவே ஒரு விசிறி காற்றை இழுக்கும், அவ்வளவுதான். மதுரைப் பக்கம் கோடையில் ஓடும் ஏர் கூலரேதான் இது. அங்கே குளிர்ச்சிக்காக வாங்குகிறோம், இங்கே ஈரத்துக்காக. புகை வராது. பொடி வராது, சுண்ணாம்பு திரியிலேயே தங்கும். காற்றில் ஈரம் ஏற ஏற ஆவியாவது தானாகக் குறையும், எனவே அளவு மீறாது. இருப்பதிலேயே யோக்கியமான மெஷின் என்று இன்று சொல்வேன். அன்று, எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையே, இது வேலை செய்யவில்லை என்று மூலையில் தள்ளினேன்.

இந்த மூன்றில் எதுவுமே எங்கள் வீட்டுக்குப் போதாது என்பதை ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உணர்ந்தேன். எங்கள் வீட்டின் கொள்ளளவு சுமார் 400 கன மீட்டர். மூன்று மணி நேரத்தில் அநேகமாக முழுக் காற்றும் மாறிவிடும், வெளியிலிருந்து காய்ந்த காற்று வந்துகொண்டே இருக்கும். அதைப் பத்து சதவீதத்திலிருந்து முப்பத்தைந்துக்கு ஏற்றி நிறுத்தி வைக்க மணிக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். நாளொன்றுக்குப் பதிமூன்று, பதினாலு லிட்டர். நாலு லிட்டர் மேசைப் பெட்டி ஒரு படுக்கையறைக்கு ஆகும். அல்ட்ராசோனிக் வெறும் முப்பது வாட்டில் ஓடுகிறது என்று நான் பெருமைப்பட்டதும் ஏமாற்றுக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் எந்த வழியில் ஆவியானாலும் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வேண்டும். மெஷின் கொடுக்காவிட்டால் ஹாலின் காற்று கொடுக்கும். ஹால் குளிரும். ஃபர்னஸ் கூடுதலாக எரியும். பில் வேறு பெயரில் வரும்.

இரண்டாவது விரிசலுக்கு அப்புறம், ஓர் அக்டோபரில், யாரும் இல்லாதபோது கீழே போய் வால்வைத் திறந்தேன். திறந்த இடத்திலேயே ஒழுக ஆரம்பித்தது. குழாயைத் துளைத்துக் கவ்விக்கொண்டிருக்கும் அந்த வகை வால்வை வருடக்கணக்கில் மூடிவைத்துத் திறந்தால் அப்படித்தான் ஒழுகுமாம். பிளம்பர் வந்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒழுங்கான வால்வு போட்டார், பேட்டையும் மாற்றினார். "பழசாயிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். அந்த வருடம் ஆர்வக் கோளாறில் ஹியூமிடிஸ்டாட்டை 45-இல் வைத்தேன். ஒரே வாரத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வடிந்து, மரச் சட்டத்தின் அடியில் கறுப்பாகப் பூஞ்சை. வெளியே குளிர் ஏற ஏற உள்ளே ஈரத்தைக் குறைக்க வேண்டும். மைனஸ் 18 என்றால் 25 சதவீதம்தான், மைனஸ் 7 என்றால் 35 வரை போகலாம். டயலைச் சுற்றியே இந்த எண்கள் அச்சடித்திருக்கின்றன. வீணைக்கு அந்த 25 போதாது என்பதால் அது இப்போது பெட்டிக்குள் இருக்கிறது, துளையிட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்சோடு. அந்த டப்பாவுக்கு மின்சாரமும் வேண்டாம், கையேடும் வேண்டாம்.

மனைவியிடம் எப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனசாட்சி குத்தி, ஒருநாள் நல்லவனாகி, அவளை உட்காரவைத்துச் சொன்னேன் என்று எழுதலாம். நடந்தது அதுவல்ல. டிசம்பரில் வீணையைத் தஞ்சாவூருக்கே கொண்டுபோய்ச் சரிபார்ப்பது என்று முடிவெடுத்து, அவள் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய விமானக் கம்பெனி டிக்கெட்டுதான் இருப்பதிலேயே மலிவு. அவள் அதைத் தாண்டிப்போய், ஆளுக்கு நானூறு டாலர் கூடுதலான டிக்கெட்டை எடுக்கப் போனாள். "அவனுங்களை நம்பி இன்னொரு தடவை வீணையைக் கொடுக்க மாட்டேன்" என்றாள். மூன்று பேருக்கு ஆயிரத்து இருநூறு டாலர். நான் சொல்லிவிட்டேன்.

கத்தவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, நவம்பரில் எந்த நாள், ஏன் மூடினேன், அன்று என்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மீட்டர் படத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம், "தண்ணி பில்லுல எவ்வளவு மிச்சமாச்சு?" என்றாள். சொன்னேன். "அம்மாவுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

மாமியாருக்கு போன் போட்டு, அந்த வெள்ளைப் பொடி திருநீறு இல்லை, என் மெஷினின் சுண்ணாம்பு, எனக்கு அப்போதே தெரியும் என்றேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. "தெரிஞ்சும் சிரிச்சீங்களா மாப்பிள்ளை?" என்றார். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்காமல், பேத்தி எப்படி இருக்கிறாள் என்று பேச்சை மாற்றினார். வைப்பதற்கு முன்னால், அந்த வடிகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாமே என்றார். பிடிக்கிறேன். ராத்திரியில் வாளி நிரம்பி வழிந்துவிடுகிறது.

விருந்தாளிகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும். தஞ்சாவூர்க்காரரிடமும் சொல்லவில்லை. மேல்பலகையைத் திறந்தால் பசை மேடு தட்டியிருப்பதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிடும், நாற்பத்தைந்து பொய் என்று. அந்தப் பழைய கம்பெனியிலேயே டிக்கெட் போட்டிருக்கிறோம். வீணையை அவர் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலை என்னுடையது, மனைவி உத்தரவு. அவள் வாசலில் நிற்பாளாம்.